பிசுபிசுக்கும் கறுப்புத் தோல்

தேர்தல் வந்தால் துப்பாக்கி லைசென்ஸ்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை வந்துவிடும். மாவட்டக் குழு யாரையெல்லாம் குறிப்பிடுகிறதோ, அவர்கள் ஆயுதத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஆந்திரத்தில் 2024 தேர்தல் அறிவிப்பு மார்ச் 16இல்; வாக்கு எண்ணிக்கை ஜூன் 4இல். இடையில் 80 நாள், அதுவும் கோடை.

திரும்பி வந்த பெட்டியைத் திறந்ததும் சிலருக்கு அதிர்ச்சி. துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும். கூட வைத்த ஸ்கோப், டார்ச், பிடி உறை எல்லாம் வெல்லப்பாகு தடவியதுபோல் விரலில் ஒட்டும். உடனே பழி ஸ்டேஷன் அலமாரியின் மீது விழும். யாரோ எண்ணெய்க் கையோடு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பார்கள். பாவம், ஸ்டேஷன்காரர்கள். இந்தக் கோளாறு 80 நாளில் வருவதல்ல, பல வருடங்களாக மெல்ல நடந்தது. பெட்டியைத் திறந்த அன்று கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

ஒட்டுவது அழுக்கும் அல்ல, அந்தப் பூச்சேதான். பிளாஸ்டிக்கைத் தொட்டால் ரப்பர்போல் மெத்தென்று இருக்கவேண்டும் என்பதற்காகப் பூசப்படும் பாலியூரித்தேன் அது. காற்றிலுள்ள ஈரம் அதற்குள் புகுந்து நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். சங்கிலி அறுந்த பூச்சு மறுபடி கெட்டியாகாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

2022இல் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய சூளூர்பேட்டையில் இந்த இரண்டுக்குமே பஞ்சமில்லை. கிழக்கே புலிகாட் ஏரி, அதைத் தாண்டி ஸ்ரீஹரிகோட்டா, அப்பால் வங்கக்கடல். நேலபட்டில் கூழைக்கடா பார்க்க வருகிறவர்களின் பைனாகுலரிலும் பல சமயம் இதே கறுப்புத் தோல்தான். கொசுவுக்காக டீட் கலந்த மருந்தைத் தடவிய கையோடு அதைப் பிடித்தால் சிதைவு இன்னும் சீக்கிரம் வரும்; அந்த மருந்து பல பிளாஸ்டிக்குகளையும் பெயின்டுகளையும் கரைக்கக்கூடியது.

வீட்டு வைத்தியங்களில் பவுடர் தூவுவது நாலு நாளைக்குத் தாங்கும். துப்பாக்கி எண்ணெய் தடவுவது பிசுக்கைக் கூட்டும். தின்னரும் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் அடியிலுள்ள பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். பலன் தருவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமான சானிடைசர் போதுமே என்று தோன்றும். வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் தனியாக ஒரு பிசுக்கை விட்டுப்போகும்.

முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, உபகரணத்தைத் தனியே கழற்ற வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக்கூடாது. ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, தெரியாத மூலையில் சோதித்துவிட்டுத் தேய்த்தால் பூச்சு கறுப்புக் கூழாக உருண்டு வரும். பாதியில் நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தெரியும். அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் வரும்வரை விடக்கூடாது. பூச்சு போய்விட்டதே என்று வருந்த வேண்டியதில்லை, அது அழகுக்காகப் பூசியதுதான்.

மரக்கட்டையிடம் மட்டும் இந்தத் துணி போகக்கூடாது. பழைய பன்னிரண்டு போர் துப்பாக்கிகள் சிலவற்றின் கட்டையில் அரக்கு பாலிஷ் இருக்கும். அரக்கை ஆல்கஹாலில் கரைத்துத்தானே தச்சர்கள் பூசுகிறார்கள். அதே ஆல்கஹால் பட்டால் நொடியில் கரைந்துவிடும். கட்டையின் பின்புறமுள்ள ரப்பர் மெத்தை இளகியிருந்தால் கதையே வேறு. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டுக் கெட்டது அது; மாற்றுவதுதான் வழி.

சுத்தம் செய்ததை மறுபடி பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுவதும், தோல் உறையில் மாதக்கணக்கில் போட்டுவைப்பதும் ஈரத்தை உள்ளேயே அடைப்பது போலத்தான். தோல் உறை இரும்பையும் துருவேற்றும். பருத்தித் துணியில் சுற்றி, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துக் காற்றாடவிடலாம்.

துப்பாக்கியின் எண் உலோகத்தில் வெட்டியது, அழியாது. ஆனால் ஸ்கோப்பின் மாடல் பெயரும் எண்ணும் பூச்சின் மேல் அச்சிட்டிருந்தால் அதோடு சேர்ந்தே போய்விடும். தேய்க்கும் முன் அவற்றை ஒரு தாளில் எழுதி, ஸ்டேஷன் ரசீதோடு வைத்துக்கொள்வது நல்லது.