ஓட்டுநரா, காதிமா?

திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கும் கழுகுமலைக்கும் போகும் சாலைகளில் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர்கள் பலரை நாங்கள் அறிவோம். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் அவர்களுக்கு உறக்கம் இராது. கார்த்திகையில் மாலையணிந்தவர்களை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாய் கடந்து சபரிமலைக்குப் போவார்கள். மற்ற மாதங்களில் கார் பெரும்பாலும் நின்றிருக்கும். கடன் தவணை மட்டும் நில்லாது. மானாவாரிக் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் மழையை நம்பியிருப்பது போல இவர்கள் பருவத்தை நம்பியிருக்கிறார்கள். எனவே, "வளைகுடாவில் டிரைவர் வேலை, தங்குமிடம் இலவசம்" என்று எவரேனும் சொன்னால் மறுகேள்வி கேளாமல் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

போகிறவர்களைத் தடுப்பது எங்கள் நோக்கமன்று. விசாவில் எழுதப்பட்டுள்ள தொழிற்பெயர் என்ன, அதன் பொருள் என்ன என்பதை அறியாமல் எவரும் விமானம் ஏறலாகாது என்பதே நாங்கள் சொல்ல விரும்புவது. அந்த ஒரு சொல்தான் அவருடைய அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. அதனைப் படித்துச் சொல்லும் பொறுப்பு, எழுத்தையும் சொல்லையும் நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கும் உண்டு.

குவைத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு 18-ஆம் பிரிவிலும், வீடுகளில் பணிபுரிவோருக்கு 20-ஆம் பிரிவிலும் வசிப்பிட அனுமதிச் சீட்டு வழங்கப்படுகிறது. பின்னதைத்தான் நம்மவர்கள் 'காதிம் விசா' என்கிறார்கள். காதிம் என்ற அரபுச் சொல்லுக்குப் பணியாள் என்று பொருள். வாகனம் ஓட்டத்தான் போகிறார். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவர் சமையற்காரரும் தோட்டக்காரரும் அடங்கிய வீட்டுப் பணியாளர் வரிசையில் நிற்கிறார். 2010-ஆம் ஆண்டின் தனியார் துறைத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்கிறது. வீட்டுப் பணியாளருக்கென 2015-இல் வந்த தனிச்சட்டமோ 12 மணி நேரம் வரை அனுமதிக்கிறது. ஒரே கார், ஒரே சாலை, ஒரே வெயில். ஆனால் இரண்டு சட்டங்கள்.

"காதிம் விசாவில் போய்விட்டு வெளியே டாக்சி ஓட்டிச் சம்பாதிக்கலாம்" என்று இடைத்தரகர்கள் கூறுவதுண்டு. இதைவிடக் கேடான அறிவுரை வேறில்லை. விசா கொடுத்தவரைத் தவிர மற்றொருவரிடம் வேலை செய்வது அங்கே சட்டமீறல். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது ஓட்டுநர்தான். ஊரில் பணம் வாங்கிய தரகர் அல்லர்.

சவூதி அரேபியாவில் வீட்டு ஓட்டுநரின் அட்டையில் காணப்படும் தொழிற்பெயர் 'சாயிக் காஸ்'. தனியார் ஓட்டுநர் என்று பொருள். கேட்க மதிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், வேலை மாறுவதை எளிதாக்கி அந்நாடு 2021 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளரும் தனியார் ஓட்டுநரும் சேர்க்கப்படவில்லை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் நாளுக்கு 10 மணி நேர உச்சவரம்பையும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும் அளித்துள்ளன. இது நல்ல செய்தி. எனினும் அவ்விதி தமக்கு உண்டு என்று தெரிந்தவரால்தானே அதனைக் கேட்க முடியும்? மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2018 ஜூன் 24 முதல் அந்நாட்டுப் பெண்கள் தாமே கார் ஓட்டுகிறார்கள். மாமன் போன காலத்து வாய்ப்புகள் மருமகனுக்கும் அப்படியே காத்திருக்கும் என்று எண்ணலாகாது.

இதே 'தனியார்' என்ற சொல் லண்டனில் முற்றிலும் வேறு பொருள் தருகிறது. அங்குள்ள தனியார் வாடகைக் கார், முன்பதிவு செய்தோரை மட்டும் ஏற்றும் வண்டி. சாலையில் கைகாட்டுவோரை ஏற்றும் உரிமை கறுப்பு டாக்சிக்கே உண்டு. 1998-ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கென உரிமம் பெற வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சோதனை, குற்றப் பின்னணி ஆய்வு, வரைபடம் பார்த்து வழி சொல்லும் தேர்வு, ஆங்கிலத் தேர்ச்சி ஆகிய அனைத்தும் உண்டு. இந்திய உரிமத்தை அங்கு மாற்றிக்கொள்ள இயலாது. புதிதாகத் தேர்வெழுதி, ஓட்டிக் காட்டிப் பெற வேண்டும். வாடகைக் காருக்கு விண்ணப்பிப்பவரின் உரிமம் மூன்றாண்டுப் பழமை உடையதாகவும் இருக்க வேண்டும். வாசல் குறுகியது, ஆனால் நுழைந்தபின் ஒரு நிலை உண்டு. 2021 பிப்ரவரி 19 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர்கள் 'தொழிலாளர்களே' என்று தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் அவர்களுக்கு உரியவையாயின. அவ்வழக்கும் ஒரு சொல்லின் பொருளைப் பற்றியதுதான்.

இனி, தொழிலைப் பற்றி. பத்தாண்டு ஓட்டிய அனுபவம் விமான நிலையத்தோடு கழன்றுவிடுகிறது. எங்கள் நண்பர் ஒருவர் வளைகுடாவில் முதல் வாரம் முழுவதும் கியர் மாற்ற இடது கையை வீசிக் கதவில் இடித்துக்கொண்டாராம். ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி செல்வது சாலையின் வலப்பக்கம். ரவுண்டானாவைக் கண்டாலே நடுக்கம் வந்ததென்றார். ஊரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும் என்று அவர் நம்பிப் போனார். அது சுற்றுலா செல்வோருக்கானது. வேலைக்குக் குடியேறுவோர் அந்நாட்டு உரிமத்தையே பெற வேண்டும். துபாய் போன்ற இடங்களில் பயிற்சி வகுப்பு, எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு எனச் சில ஆயிரம் திர்ஹாம் செலவாகிறது. தோற்றால் மறுபடியும் கட்டணம். அச்செலவு யாருடையது, உரிமம் கிடைக்கும்வரை சம்பளம் உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் புறப்படுமுன்னரே கேட்டு, எழுத்தில் வாங்கிவிட வேண்டும். நண்பர் கேட்கவில்லை. முதல் சில மாதச் சம்பளம் உரிமத்திற்கே போயிற்று. ஊரில் மனைவியின் நகை அடகிலேயே இருந்தது.

"வயிற்றுக்கு வழி தேடுபவன் சொல்லாராய்ச்சி செய்துகொண்டிருப்பானா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. உணவும் அறையும் தருகிற நல்ல வீடு கிடைத்தால், வீட்டு ஓட்டுநர் நிறுவன ஓட்டுநரைவிட மிகுதியாக மிச்சம் பிடிக்கவும் கூடும். காதிம் விசாவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதுதான் என்று தெரிந்து ஏற்பது வேறு, நிறுவன வேலை என்று நம்பிப் போய் அங்கே அறிவது வேறு. முன்னதில் மனிதன் முடிவெடுக்கிறான், பின்னதில் ஏமாற்றப்படுகிறான்.

நம் நாட்டு விதிகளும் ஓரளவு துணை நிற்கின்றன. பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே கட்டணமாகப் பெறலாம். முகவர் பதிவுபெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அவ்வனுமதியோடு 10 லட்ச ரூபாய்க் காப்பீடும் சேர்ந்து வருகிறது. சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பவர் இப்பாதுகாப்புகள் அனைத்தையும் இழக்கிறார். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. இருந்தும் எங்கள் ஊர் இளைஞருக்கு டீக்கடையில் அமரும் தரகர் அருகிலிருக்கிறார், சென்னை தொலைவிலிருக்கிறது.

இங்கேதான் இலக்கிய ஆர்வலர்களாகிய நமக்கு வேலை இருக்கிறது. பக்கத்துக் கேரளம் தன் வளைகுடா அனுபவத்தைப் பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' வழியாக எல்லோரும் அறியச் செய்துவிட்டது. நம் கரிசல் மண்ணின் கி.ரா. வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தார். அம்மரபில் வந்த நாம், கடல்கடக்கும் ஓட்டுநருக்கு இருபது சொற்கள் கொண்ட சிறு பட்டியலையேனும் தொகுத்துத் தர இயலாதா? காதிம், சாயிக் காஸ், கஃபீல், இகாமா என ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ்ப்பொருளும், அச்சொல்லால் கிடைப்பதும் கிடைக்காததும் எழுதி ஊர்ப்புற நூலகத்திலும் கார் நிறுத்தத்திலும் ஒட்டிவைக்கலாம். திரும்பி வந்த ஓட்டுநர்களை அமரவைத்துக் கேட்டால் ஒரு மாலையில் முடிகிற காரியம்.

அடுத்த சாரல் பருவம் முடிந்ததும் மேலும் சிலர் பாஸ்போர்ட்டோடு கிளம்புவார்கள். அதற்குள் அந்தப் பட்டியல் அவர்கள் கையில் இருக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.