நீர்வழி உலாவும் நமது கடமையும்

உல்லாசப் பிரயாணம் என்றவுடன் நம் மாணவருட் பலருடைய உள்ளம் உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் நாடி ஓடுகின்றது. தம் ஊரில் ஓடும் ஆற்றை அதன் முகத்துவாரம் வரை சென்று கண்டவர் நம்முள் எத்துணைப் பேர்? சிதறாலில் வாழும் யாமும் சென்ற தை மாதம் வரையில் காணாதவராகவே இருந்தோம்.

கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்திற் கூடி, குழித்துறை வழியாய்ச் சென்று, தேங்காப்பட்டணத்தருகே அரபிக்கடலை அடைகின்றன. நம் மேலைக் கடற்கரை அலை மிக்கது. தென்மேற்குப் பருவக் காற்று வீசுங்கால் அதனை அணுகுதலும் அரிது. ஆதலின் மனைவி மக்களோடு படகேறுவார்க்குப் பொழிமுகத்தின் உள்நீரே தக்கதாகும். யாம் துடுப்பு வள்ளமொன்றில் ஏறினோம். காற்று வாய்த்தபோது முதிய வள்ளக்காரர் சிறு பாயொன்றையும் விரித்தார். ஓசை சிறிதும் இன்மையால் நீர்க்காகங்கள் எம்மைக் கண்டும் அஞ்சாது சிறகு உலர்த்தியிருந்தன. செம்பருந்து தாழப் பறந்து மீனைக் கவர்ந்து சென்றது. தாழம்புதரருகே கொக்குகள் தவம் செய்வார்போல் நின்றன.

இவ்வின்பத்தினிடையே எம் பிழையொன்றையும் ஒளியாது கூறுதல் வேண்டும். உணவு முடிந்ததும், சோறு கட்டிவந்த பிளாஸ்டிக் பையை எம் இளைய மகன் நீரில் எறிந்தான். யாமும் கண்டு வாளாவிருந்தோம். வள்ளக்காரரோ ஒன்றும் கடிந்துரையாமல், வள்ளத்தைத் திருப்பி, எதிர்நீரில் வருந்தித் துழாவி, அதனை எடுத்துவந்தார். பின்னர், "மக்களே, இதைச் சொறிமீன் என்று எண்ணி ஆமை தின்றுவிடும்" என்று மட்டும் கூறினார். கற்றறிந்த எமக்கு நாணம் மேலிட்டது. தை முதல் பங்குனி வரை தமிழ்நாட்டுக் கரைகளில் சிற்றாமைகள் மணலேறி, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டுச் செல்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கின்றது. ஆயினும் சட்டம் அறியாத கைகளை எச்சட்டம் தடுக்கும்?

எம் ஊர்க் குன்றில் கி.பி. 9-ஆம் நூற்றாண்டளவில் சமண முனிவர் வாழ்ந்தனர். அவர்தம் தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் பாறையில் விளங்குகின்றன. சிற்றுயிர்க்கும் ஊறு செய்யாமையே அவர்கள் கொண்ட நோன்பு. அம்மலையைக் காட்டிப் பெருமை பேசும் யாம், அதன் பாடத்தை ஆற்று நீரில் மறந்தோம்.

இயந்திரப் படகுகள் பெருகின் வருவாய் மிகும் என்பார் உளர். கடலிற் செல்லும் மீனவர்க்கு இயந்திரம் இன்றியமையாதது; அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் வேடிக்கை காண வருவோர்க்கு விரைவு எதற்கு? பறவையைக் காண வந்து, பறவையை ஓட்டிவிட்டு மீளுதல் பேதைமையன்றோ? துடுப்பு வள்ளத்திற்கும் கூலியுண்டு. அக்கூலி ஊராரிடமே தங்கும். ஆதலின் உள்நீரைத் துடுப்புக்கும் பாய்க்குமே விடுதல் நன்று என்பது எமது துணிபு.

மற்றொன்றும் கூறுவோம். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் நோக்கத்துடன் 1860-இல் தொடங்கப்பெற்ற அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் முற்றுப்பெறவில்லை. வெட்டிய பகுதியும் பல இடங்களில் தூர்ந்தும் குப்பை நிறைந்தும் கிடக்கின்றது. ஒருவரும் படகில் ஏறிப் பாராத நீரைக் குறித்து ஒருவரும் கவலுறார். கண்டவரே காதலிப்பர், காதலிப்பவரே காப்பர்.

மாணவ நண்பர்களே! வரும் விடுமுறையில் உம் பெற்றோருடனும் உடன்பிறந்தாருடனும் ஒரு நாள் நீர்வழிச் செல்லுங்கள். கொண்டுசெல்வன அனைத்தையும் மீளக் கொணருங்கள். வள்ளக்காரரை ஆசிரியராகக் கொள்ளுங்கள். நூலகம் தராத கல்வி சில அவர் துடுப்பின் நுனியில் உண்டு.