பூட்டிய அறைக்குள் யார் நுழைவது?

நொச்சி வெறும் செடியன்று. பகைவர் வளைத்த மதிலை உள்ளிருந்து காப்பவர் சூடும் பூ அது. அக்காவற் போருக்கே நொச்சித்திணை என்று பெயரிட்டனர் முன்னையோர். மயிலைக் கடற்கரையில், கலங்கரை விளக்கத்தை அடுத்துள்ள பரதவர் குடியிருப்புக்கு நொச்சிக்குப்பம் என்னும் பெயர் எதனால் வந்ததாயினும் ஆகுக. காக்க ஒரு மதிலும் இல்லாத மக்களுக்கு அப்பெயர் வாய்த்திருப்பது நெஞ்சைத் தைக்கின்றது.

2017 சனவரி 23. ஏறுதழுவல் உரிமைக்காக மெரினாவில் ஒரு கிழமையாக அமர்ந்திருந்த இளைஞரைக் காவல்துறை வலிந்து அகற்றிய நாள். கடலோரம் ஒதுங்கிய இளைஞர்க்குக் கரையோரக் குப்பங்களின் மக்கள் துணை நின்றனர். அன்றே, நொச்சிக்குப்பத்துக்கு வடக்கேயுள்ள நடுக்குப்பத்தின் மீன் அங்காடி எரிந்து கரியாயிற்று. காவலர் வீடு புகுந்து அடித்தனர், பெண்டிரையும் விட்டிலர், இளைஞரை இழுத்துச் சென்றனர் என்று குப்பத்து மக்கள் முறையிட்டனர். காவல்துறையோ, தன் நிலையம் தீயிடப்பட்டதையும் தன் காவலர் புண்பட்டதையும் எடுத்துக் காட்டியது. ஓய்வுபெற்ற முறைவர் இராசேசுவரன் தலைமையில் உசாவல் ஆணையம் அமைந்தது. குற்றஞ்சாட்டப்பட்டது அரசின் துறை. உசாவ ஆளமர்த்தியதும் அரசு. அறிக்கையின்மேல் வினை செய்வதா, அதைப் பெட்டியில் பூட்டுவதா என முடிவு செய்வதும் அரசே!

இம்முறை புதிதன்று. இதே கடற்கரையில் சற்று வடக்கேயுள்ள கோட்டையிலிருந்து கும்பினியார் ஆண்டபோது, வரி தண்டுவதற்காக உழவரைத் துன்புறுத்திய கொடுமை 1854-இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. அதன் பின்னரே சென்னையில் ஆணையம் அமைந்து, 1855-இல் அறிக்கை வெளிவந்தது. கையையும் விரலையும் கட்டைகளுக்கிடையே நெரிக்கும் ‘கிட்டி’, உடலை வளைத்துக் கட்டிப் போடும் ‘அண்ணந்தாள்’ ஆகியவை அவ்வறிக்கையில் ஆங்கில எழுத்தில் ஏறின. ‘சித்திரவதை’ என்பது வடசொல் என்று தள்ளிக் ‘கொடுந்துன்புறுத்தம்’ என்று எழுதுவார் தனித்தமிழன்பர். ஆனால் அதன் கருவிகளின் பெயர்கள் நல்ல தமிழாகவே இருந்தன. இதிற் பெருமை கொள்ள ஏதுமில்லை. ஊரார் அனைவரும் அறிந்திருந்த கொடுமை, வெளியிலிருந்து ஒருவன் வினவிய பின்னரே ஆவணமாயிற்று என்பதே இதில் எண்ணத்தக்கது.

அவ்வெளிக் கண்ணைச் சட்டமாக்கியவர் ஐரோப்பியர். 1987-இல் அவர் செய்த உடன்படிக்கையின்படி, 46 நாடுகளின் எந்தச் சிறைக்குள்ளும் எந்தக் காவல் நிலையத்துக்குள்ளும் எவ்வேளையிலும் ஒரு குழு நுழையலாம். நாட்டுக்கு வருவதாகத் தெரிவித்தாற் போதும். எந்நிலையத்துக்கு, எப்பொழுது என்று சொல்ல வேண்டியதில்லை. அடைபட்டவனோடு தனியே பேசலாம். அரசு ஒத்துழைக்க மறுப்பின் உலகறிய அறிவிக்கலாம். இதனையே உலகளாவிய முறையாக்கும் விருப்ப நெறிமுறையை உலக நாடுகள் மன்றம் 2002-இல் ஏற்றது.

தெற்காசியாவிலோ அத்தகைய வட்டார அமைப்பு எதுவுமில்லை. 1985-இல் தோன்றிய ‘சார்க்கு’ அமைப்பில் இருநாட்டுப் பூசல்களைப் பேசவே கூடாதென்பது அதன் ஆவணத்திலுள்ள விதி! கடலில் இலங்கைக் கடற்படையிடம் அகப்பட்டு, அடிபட்டு மீண்டதாகத் தமிழக மீனவர் முறையிடுங்கால், அதை எடுத்துச் செல்ல ஒரு வட்டார மன்றமும் இல்லை.

ஏட்டில் ஏறிய கையொப்பம் மட்டும் போதும் என்று மயங்கவும் வேண்டா. இலங்கை அரசு 1994-இலேயே உலக உடன்படிக்கையில் சேர்ந்து, துன்புறுத்துவார்க்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை என்று சட்டமும் செய்தது. அச்சட்டம் இருக்கும்போதே, 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அடைபட்ட தமிழர் பட்ட பாடு உலகறிந்தது.

இந்திய அரசு அந்த அளவுக்குக்கூட வரவில்லை. 1997 அக்தோபர் 14-இல் கையொப்பமிட்டது. ஏற்புறுதி இன்றளவும் இல்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சட்டவரைவு மாநிலங்களவைத் தெரிவுக்குழுவுக்குச் சென்று, பின் வலுவிழந்தது. 2017-இல் சட்ட ஆணையம் மீண்டும் பரிந்துரைத்தும் பயனில்லை. இதன் விளைவு தில்லிக்கே திரும்புகின்றது. 1995-இல் புருலியாவில் வானூர்தியிலிருந்து படைக்கலன் வீசிய வழக்கில் தேடப்பட்டவரை ஒப்படைக்க தென்மார்க்கு உயர் முறைமன்றம் 2011-இல் மறுத்தது. திகார்ச் சிறையைக் காட்டி இலண்டன் உயர் முறைமன்றம் 2025-இல் மற்றொருவரை ஒப்படைக்க மறுத்தது. பணம் படைத்தவனுக்கு இலண்டன் மன்றம் காப்பாகின்றது. குப்பத்து இளைஞனுக்கு எந்த மன்றம்?

தமிழகத்தில் நிகழ்ந்தவற்றைப் பார்க்க. 2020 சூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் மாண்டபின் காவல் நிலையத்துக்குச் சென்ற குற்றவியல் நடுவரே இழிவுறுத்தப்பட்டார். கண்காணிப்புப் படக்கருவியின் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டறிந்தார். அவ்வாண்டு திசம்பரில், நிலையந்தோறும் படக்கருவி வேண்டுமென்றது உச்ச முறைமன்றம். 2025 சூனில் திருப்புவனத்தையடுத்த மடப்புரத்தில் கோயிற் காவலாளி ஒருவர் காவலரிடம் அடிபட்டு மாண்டார். உடலில் 44 காயங்கள். அடித்ததோ படக்கருவி பொருத்திய நிலையத்திலன்று, கோயிலின் பின்புறத்தில்! கருவி இடம் பெயராது, அடிப்பவன் பெயர்வான்.

தில்லி ஏற்புறுதி தரும்வரை தமிழக அரசு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. காவலும் சிறையும் மாநிலப் பட்டியலில் உள்ள துறைகள். முன்னறிவிப்பின்றி எந்நிலையத்துக்கும், அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் எவ்விடத்துக்கும் நுழையும் தனிக்குழுவை அமைக்க அதனால் இயலும். அக்குழு உள்துறைக்குக் கட்டுப்பட்டதாக இருத்தல் கூடாது; அதன் அறிக்கை நேரே சட்டமன்றத்தில் வைக்கப்படல் வேண்டும். மருத்துவர் ஒருவரும், வழக்கறிஞர் ஒருவரும், அடிபட்ட குப்பங்களிலிருந்து ஒரு பெண்ணும் அதில் இருக்கட்டும்; நள்ளிரவிலும் கதவைத் திறக்கச் சொல்லும் உரிமை அவர்க்கு இருக்கட்டும்.