நூலகத் தொழில்நுட்ப ஆய்வகமும் தமிழறிவும்

நூலக அறிவியல் முதுகலை மாணவர்கள் தொழில்நுட்ப ஆய்வகங்களில் பெறும் உள்ளகப் பயிற்சி, பக்கங்களை வருடுதல், தரவுகளை உள்ளிடுதல் ஆகியவற்றோடு நின்றுவிடலாகாது. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை, சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. ‘உ.வே. சாமிநாதையர்’, ‘சாமிநாத ஐயர், உ.வே.’, ‘உ.வே.சா.’ எனப் பெயர் வேறுபட்டால் ஒருவரே பட்டியலில் மூவராகிவிடுவார். ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து உள்ளிட்டால், கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. கணினிக்கோ அது வேறு சொல். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான ணை, லை, றா முதலியவற்றின் பழைய வடிவங்களை எழுத்துணரி மென்பொருள் பிழைபடப் படிப்பதும் உண்டு.

இப்பிழைகளால் நூல் அழிவதில்லை. ஆய்வாளரின் கைக்கு எட்டாமற் போகிறது. ‘இல்லை’ என்னும் தேடல் விடையை நம்பி எழுதப்படும் ஆய்வேடு, முன்னோடி ஒருவரின் உழைப்பை அறியாமலே மறைத்துவிடும். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது, எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவதாகும். தமிழ்ப் பட்டியலில் அவ்விதி நிறைவேறத் தொழில்நுட்பத்தோடு மொழியறிவும் தேவை.

எனவே, பயிற்சி மாணவர்களின் பதிவுகளைத் தமிழ் ஆய்வாளர் ஒருவர் உடனிருந்து சரிபார்க்கும் முறை வேண்டும். தமிழ் ஆய்வு மாணவர்களும் அவ்வாய்வகங்களில் பட்டியலாக்கம் பயில வேண்டும். நூற்பட்டியலைச் செப்பம் செய்தலும் பதிப்புப் பணியின் ஒரு கூறே.