தரை பிளந்தால் நோய் நுழையும்!



அரசு மருத்துவமனைக்குப் போனால் நாம் எதைப் பார்க்கிறோம்? டாக்டர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா, படுக்கை கிடைக்குமா என்று பார்க்கிறோம். காலடியில் கிடக்கும் தரையை என்றாவது குனிந்து பார்த்ததுண்டா? ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் ராஜபாளையமானாலும், பிரசவத்திற்கும் ஆபரேஷனுக்கும் ஏழைக் குடும்பங்கள் நம்பிப் போகும் வாசல் அதுதான். ஆகவே இது நம் வீட்டுக் காரியம்.

ஆபரேஷன் தியேட்டரிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வினைல் ஷீட் ஒட்டுவது அழகுக்காக அல்ல. டைல்ஸ் பதித்தால் அறை முழுக்க இணைப்புகள். ஒவ்வொன்றும் அழுக்குத் தங்கும் இடம். வினைல் ஷீட்டில் இணைப்புகள் குறைவு. அவற்றையும் வெல்டிங் செய்து மூடிவிடலாம். சுவரோரத்தில் சுமார் 10 செ.மீ. வளைத்து ஏற்றினால் அழுக்குச் சேர மூலையே இருக்காது.

ஆனால் அந்த இணைப்பு நகக்கண் அளவு பிளந்தால் போதும்! துடைக்கிற தண்ணீர் உள்ளே இறங்கும்; பசை இளகும்; கிருமி குடியேறும். மேலே எத்தனை தரம் துடைத்தாலும் அடியில் இருப்பதை யார் துடைப்பது?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் புடைப்பு நிழலாகத் தெரியும். தட்டினால் பசை விட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும். வாசற்படி, கை கழுவும் தொட்டியடி, கட்டில் சக்கரம் நிற்கும் இடம், சுவர் வளைவு ஆகியவற்றை மாதம் ஒருமுறை பார்த்து நோட்டில் குறித்தால் போதும்.

நம் பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். மனிதனின் புண்ணுக்குக் கட்டுப் போடலாம். தரையின் புண்ணுக்குப் போடலாமா? பிளவின்மேல் டேப் ஒட்டுவது வைத்தியமல்ல, மூடி மறைப்பது. டேப்பின் ஓரமே அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, பழைய பசையைச் சுரண்டி, அதே ரகத் துண்டை ஒட்டி, சூடான காற்றில் வினைல் கம்பியை உருக்கி இணைப்பை மூட வேண்டும். சூட்டோடு மட்டமாகச் சீவினால் ஆறும்போது சுருங்கிப் பள்ளமாகிவிடும். சற்று உயரம் விட்டுச் சீவி, ஆறிய பின் மட்டமாக்குவதே முறை. அடியிலிருந்து ஈரம் ஏறினால், அதை நிறுத்தாமல் எதை ஒட்டினாலும் பணம் பாழ்.

பிரிட்டன் அரசு மருத்துவமனைத் தரைக்கென்றே 2013-இல் தனி வழிகாட்டி நூல் வெளியிட்டது. நம் மத்திய அரசு 2015-இல் தொடங்கிய காயகல்ப் திட்டமும் மருத்துவமனைப் பராமரிப்புக்கு மதிப்பெண் போடுகிறது. விதி இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

வணிகப் பெருமக்களே! மருத்துவமனைக்கு நன்கொடை தரும்போது, புதுத் தரைக்குத் தரும் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஒட்டியது போக மிஞ்சிய துண்டுகளை ஸ்டோரில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நாளை அதே நிறம், அதே ரகம் கடையில் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இளைஞர்களே! தியேட்டருக்குள் புகுந்து பார்ப்பது நம் வேலையல்ல. அது நோயாளிக்கே கேடு. நோயாளர் நலச் சங்கத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தரையைக் கடைசியாகப் பார்வையிட்டது எப்போது? கண்ட குறைகள் எவை? பொதுப்பணித் துறைக்கு எழுதிய தேதி எது? பதில் வராவிட்டால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பணிவாகக் கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை கேளுங்கள்.

திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் பொறிக்கப் பலர் வருவார்கள். பிளவை அடைக்க வைப்பதற்கு நாம் வருவோம்!