சூடானால் கிளம்பாத பவர் வீடர்

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து மக்காச்சோளம் பயிரிடும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் இருப்பது மூன்று ஆண்டுகளுக்கு முன் மானியத்தில் வாங்கிய பெட்ரோல் பவர் வீடர். காலையில் இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பிவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க நிறுத்தினால், அதன் பிறகு கை ஓயும் வரை கயிற்றை இழுத்தாலும் கிளம்புவதில்லை. எஞ்சின் நன்றாக ஆறினால் மறுபடி ஓடுகிறது. டவுனில் காட்டியபோது, "ரிங் போயிருக்கும், எஞ்சினை இறக்கிப் பார்க்கணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்ட தொகைக்கு நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். சோளம் விதைத்து 20 நாள் ஆகிவிட்டது. களை பயிரை முந்துகிறது. எஞ்சினை இறக்கக் கொடுத்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. கடிதத்தில் போகிற போக்கில், "சத்தம் ஒன்றும் இல்லை, முன்னைவிட அமைதியாகவே ஓடுகிறது" என்றும் எழுதியிருக்கிறார். கவனிக்க வேண்டிய வரி அதுதான்.

டேப்பட் சத்தம் கேட்டால் எல்லோரும் மெக்கானிக்கைத் தேடுவார்கள். சத்தம் அடங்கினால் யாரும் கவலைப்படுவதில்லை. உண்மையில் ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம். ராக்கர் ஆர்முக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவே முடியளவு இடைவெளி இருந்தாக வேண்டும். வால்வு அடித்து அடித்து அதன் சீட் தேயும்போது வால்வு உள்ளே இறங்கும், தண்டு மேலே ஏறும், இடைவெளி குறையும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மிச்சமுள்ள கொஞ்ச இடைவெளியும், சூட்டில் தண்டு நீண்டதும் மறைந்துவிடும். வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் வெளியே போய்விடும், எஞ்சின் கிளம்பாது. ஆறினால் மறுபடி இடைவெளி வரும், கிளம்பும். அந்த வீடரின் கதை இதனோடு பொருந்துகிறது.

இந்தக் கோளாறு உள்ளவர்கள் செய்கிற ஒரு சமாளிப்பு உண்டு: நிறுத்தினால்தானே தொல்லை என்று சாப்பாட்டு நேரத்திலும் எஞ்சினை அணைக்காமல் விட்டுவைப்பது. அதைச் செய்யவே கூடாது. வால்வு தன் சூட்டைச் சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது. சரியாக உட்காராத எக்ஸாஸ்ட் வால்வு சூட்டை இறக்க வழியில்லாமல் விளிம்பில் கருகிப்போகும். இன்று இடைவெளி வைத்தால் தீர்கிற வேலை, பிறகு ஹெட்டைக் கழற்றும் வேலையாகும்.

மூடியைத் திறக்கும் முன் வெளியே இரண்டைப் பார்த்துவிட வேண்டும். சூட்டில் நின்றதும் டேங்க் மூடியை லேசாகத் திறந்து இழுத்துப் பார்க்கலாம். கிளம்பினால் மூடியிலுள்ள காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. அடுத்து, டேங்க் மூடியை இறுக்கிவிட்டு, கழற்றிய பிளக்கைக் கேப்போடு எஞ்சின் உலோகத்தில் வைத்து இழுக்க வேண்டும். பிளக் துளையிலிருந்து தள்ளி வைப்பது முக்கியம், துளை வழியே பெட்ரோல் ஆவி வரும். பொறி வராவிட்டால் பிளக், சுவிட்ச், காயில் இவற்றில்தான் பழுது. இரண்டும் சரியென்றால் டேப்பட்டுக்குப் போகலாம்.

தேவையான சாமான் பிளக் ஸ்பேனர், இரண்டு மூன்று ஸ்பேனர், ஒரு ஃபீலர் கேஜ். கேஜ் சில நூறு ரூபாய்க்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். நாலு வீட்டுக்கு ஒன்று இருந்தாலே போதும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு விட்டுக் காலையில் செய்வதே நல்லது. கியரை நியூட்ரலில் போட்டு, பெட்ரோல் குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, வால்வு மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மண் போதும் எஞ்சினைத் தின்ன. கேஸ்கெட் கிழியாமல் எடுக்க வேண்டும்.

உள்ளே இரண்டு ராக்கர்கள் தெரியும். கார்புரேட்டர் பக்கம் இருப்பது இன்லெட், சைலன்சர் பக்கம் இருப்பது எக்ஸாஸ்ட். கயிற்றை மெல்ல இழுத்தபடி இன்லெட் ராக்கரைப் பார்க்க வேண்டும். அது வால்வை அமுக்கி மறுபடி மேலே வந்த பின், பிளக் துளையில் விட்ட ஒரு நீளக் குச்சி உயர்ந்துகொண்டே வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கும் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒரு முறை வால்வுகள் சற்றே திறந்த நிலையில் இருக்கும். அந்த நிலையில் அளந்தால் எல்லாமே தப்பு. ராக்கர் எதுவும் அமுங்கியிருந்தால் இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

களையெடுப்பானில் வரும் 200 சி.சி. அளவுள்ள எஞ்சின்களில், பொதுவாக இன்லெட்டுக்கு 0.10 முதல் 0.15 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.15 முதல் 0.20 மி.மீ. இடைவெளி இருக்கும். எக்ஸாஸ்ட் அதிகம் சூடாவதால் அதற்குக் கூடுதல். கையேட்டில் வேறு அளவு இருந்தால் கையேடு சொல்வதே சரி. கேஜ் தகடு ராக்கருக்கும் தண்டுக்கும் நடுவே லேசான பிடிப்போடு நுழைந்து வர வேண்டும். நுழையவே மறுத்தால் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

லாக் நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டை வலப்பக்கம் திருப்பினால் இடைவெளி குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். அளவு வந்ததும் அதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது அளவு நகரும். அதனால் மறுபடி கேஜ் விட்டுப் பார்ப்பது கட்டாயம். பிறகு கயிற்றை நாலைந்து தரம் இழுத்துவிட்டு, அதே இடத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை பார்த்தால் நிம்மதி.

சத்தம் போகட்டும் என்று அளவுக்குக் கீழே இறுக்குவது ஊரில் நடக்கிற தவறு. மெல்லிய டிக் டிக் சத்தம் இருக்கத்தான் வேண்டும். அதற்காக மிகவும் தளர்த்தியும் வைக்கக்கூடாது. கயிறு எளிதாக வருவதற்கு, கிளம்பும்போது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிவிடும் அமைப்பு இந்த எஞ்சின்களில் உண்டு. இடைவெளி அதிகமானால் அது வேலை செய்யாமல் கயிறு கையை வெட்டி இழுக்கும். அதே அமைப்பால்தான் நல்ல எஞ்சினிலும் கயிறு லேசாக வருகிறது. அதை வைத்து ரிங் போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது.

இடைவெளியைச் சரிசெய்த பிறகும் சூட்டில் கிளம்பவில்லை என்றால், வால்வு ஏற்கெனவே கருகியிருக்கலாம். அப்போதும் முதலில் கேட்க வேண்டியது ஹெட்டை மட்டும் கழற்றி வால்வை லேப்பிங் செய்யச் சொல்லி. ரிங் பேச்சு அதற்கு அப்புறம். சைலன்சரில் நீலப் புகை, எண்ணெய் குறைந்துகொண்டே போவது, இவை இருந்தால் மட்டும் ரிங்கைச் சந்தேகப்படலாம்.

சீட் இவ்வளவு சீக்கிரம் தேய்வதற்குப் பெரும்பாலும் சூடும் புழுதியும்தான் காரணம். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு இடையே சோளச் சருகும் புல்லும் அடைத்திருந்தால் காற்று போகாது. டேப்பட்டைத் திறக்கும் அன்றே விசிறி உறையையும் கழற்றி அதைச் சுத்தம் செய்துவிட வேண்டும். ஏர் ஃபில்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டேப்பட்டை 300 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கும்படி பல கையேடுகளில் இருக்கிறது. பட்டம் தொடங்கும் முன் பார்ப்பது வசதி.

டீசல் வீடர், பவர் டில்லர், ஆயில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன அளவுகளைப் பயன்படுத்தக் கூடாது. முறை ஏறக்குறைய ஒன்றுதான், அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.