வடக்கே தலை வைத்தால் இரத்தம் இழுக்கப்படுமா?

மாணவர்களே, "வடக்கே தலை வைத்துப் படுக்காதே" என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வடக்கே தலை வைத்துப் படுத்திருந்த யானையின் தலைதான் பிள்ளையாருக்கு வந்தது என்ற கதையையும் பாட்டி சொல்லியிருப்பார். அது நம் வழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அந்த வழக்கத்துக்கு ஓர் 'அறிவியல் விளக்கம்' புலனத்தில் சுற்றி வருகிறது. பூமி ஒரு காந்தமாம். இரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம். வடக்கே தலை வைத்தால் அந்த இரும்பு மூளைப் பக்கம் இழுக்கப்படுமாம்.

பூமி காந்தம் என்பது உண்மை. இரத்தத்தில் இரும்பு இருப்பதும் உண்மை. ஆனால், இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து எடுத்த முடிவு பொய். அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில், பூமியின் காந்தப்புலம் எவ்வளவு வலியது? காந்தப்புலத்தை டெஸ்லா என்ற அலகால் அளக்கிறோம். நம் புலாவ் செபாங் பகுதியில் அது ஏறத்தாழ 42 மைக்ரோடெஸ்லாதான். அதாவது, ஒரு டெஸ்லாவைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் 42 பங்கு. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் கருவியின் காந்தப்புலம் பொதுவாக 1.5 டெஸ்லா. இது பூமியின் புலத்தைப்போல் 35,000 மடங்குக்கும் மேல். நோயாளி அதற்குள் அரை மணி நேரம்கூடப் படுத்திருக்கிறார். சாவியையும் ஊசியையும் வெளியே வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். இரத்தத்தை யாரும் வெளியே வைப்பதில்லை. அது எந்தப் பக்கமும் இழுக்கப்படாமல் வழக்கம்போல் ஓடுகிறது.

ஏன் இழுக்கப்படுவதில்லை? ஆணியில் கோடானுகோடி இரும்பு அணுக்கள் நெருங்கி இருக்கின்றன. காந்தம் அருகில் வந்ததும் அவை ஒரே திசையில் அணிவகுத்து, ஆணியையே ஒரு காந்தமாக்கிவிடுகின்றன. இரத்தத்தில் அப்படி இல்லை. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கே இரும்பு அணுக்கள். அவையும் புரதத்துக்குள் தனித்தனியே பிணைக்கப்பட்டிருக்கின்றன. லைனஸ் பாலிங், சார்ல்ஸ் கோரியல் என்ற இரு வேதியியலாளர்கள் 1936-இல் இதை அளந்தார்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் மிக மிக மெல்லத் தள்ளுகிறது. ஆக்சிஜன் இறங்கியதை மிக மெல்ல ஈர்க்கிறது. இந்த இரும்புக்கு நிலையான வட முனையும் தென் முனையும் இல்லை. எனவே, தலையை வடக்கே வைத்தாலும் தெற்கே வைத்தாலும் காந்தத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

இனி ஒரு சோதனை. தையல் ஊசியை ஒரு காந்தத்தின் மேல் ஒரே திசையில் முப்பது முறை தேயுங்கள். பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி, ஒரு சிறிய இலையின் மேல் ஊசியை வைத்து மிதக்கவிடுங்கள். ஊசி திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். ஆனால், வடக்குப் பக்க விளிம்பை நோக்கி நகர்ந்து போகிறதா? போகாது. லண்டனில் திசைகாட்டி செய்துவந்த ராபர்ட் நார்மன் என்பவர் இதையொத்த சோதனையைத் தம் நூலில் 1581-லேயே விளக்கியிருக்கிறார்.

காரணம் எளிது. பேசினுக்குள் பூமியின் புலம் எங்கும் ஒரே அளவில் இருக்கிறது. ஊசியின் ஒரு முனையை வடக்கே எவ்வளவு இழுக்கிறதோ, மறு முனையைத் தெற்கே அவ்வளவே இழுக்கிறது. அதனால் ஊசி திரும்பும், நகராது. ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனால் நிலைமை வேறு. காந்தத்தை ஒட்டிய முனையில் புலம் அதிகம், மறு முனையில் குறைவு. ஊசி விரைந்து வரும். காந்தமாக்கிய ஊசியையே இடம் பெயர்க்காத பூமியின் புலம், நம் இரத்தத்தையா இழுக்கும்?

ஒரு புலனச் செய்திக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று நினைக்கலாம். இந்தச் செய்தியை நம்புகிறவரிடம் காந்த வளையலும் காந்த மெத்தையும் விற்பது சுலபம். "இரத்த ஓட்டம் சீராகும்" என்ற ஒரு சொல் போதும். பணம் போவதோடு நின்றால் பரவாயில்லை. வளையலை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துகிறவர் உயிரோடு விளையாடுகிறார். வீட்டில் காந்தப் பாடம் படித்தவர் நீங்கள்தான்; அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். தேர்வுக்குப் புலக்கோடுகளை வரைந்தால் மட்டும் போதாது.

பாட்டி சொன்னால் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். அது பெரியவர்களுக்குத் தரும் மரியாதை. அந்த மரியாதைக்குக் காந்தத்தின் சிபாரிசு தேவையில்லை. ஆனால், அறிவியல் என்ற பெயரில் ஒரு செய்தி வந்தால், அனுப்பியவர் யாராக இருந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு? எப்படிச் சோதித்தார்கள்? பதில் வரும்வரை அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.